கடல்நீர்த் தொட்டியில் தோன்றும் சிறு ஜந்துக்களை இனங்காணும் முறை

கடல்நீர்த் தொட்டியை அமைத்து, நீரின் உப்புநிலை சீர்ப்பட்டு, பாறைமேல் முதற்பாசி படர்ந்து, விட்ட மீன்கள் இரையெடுக்கப் பழகிய பின்னர், தாம் விலை கொடுத்து வாங்காததும் தம் கையால் விடாததுமான ஏதோ ஒரு பிராணி கண்ணாடியில் ஊர்ந்து செல்வதையோ, பாறையிடுக்கிலிருந்து ஓர் உறுப்பை மாத்திரம் நீட்டி உடனே உள்ளிழுத்துக் கொள்வதையோ, தொட்டி வைத்திருப்போர் யாவரும் என்றேனும் காண்பர். அது வந்த வழி பெரிய மர்மமன்று. உயிர்ப்பாறை என்று வியாபாரிகள் விற்பது இறந்த பவளங்களின் சுண்ணாம்புக் கூடு. அதன் துளைகளிலும் சந்துகளிலும் புழுக்களும் நத்தைக் குஞ்சுகளும் கடற்சாமந்தியின் கிள்ளுத்துண்டுகளும் பதுங்கியிருக்கின்றன. பவளத் துண்டின் அடிப்புறத்தில் ஒட்டியும், பாசிக் கொத்தில் சிக்கியும், ஏன், மீன் வந்த பையின் நீரில் மிதந்தும்கூட இவை வந்து சேரும்.

நம் நாட்டு வாசகருக்கு இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள கடற்பரப்பு 1986ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. பவளங்களோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டவை. ஆகையால் ‘கடலோரத்தில் கிடந்த கல்தானே’ என்று எண்ணிப் பவளப்பாறையைப் பெயர்த்துக் கொணர்வது குற்றம். உலர்ந்த பாறையைக் கொண்டு தொட்டியைத் தொடங்குவதே நேர்மையான வழியும் அமைதியான வழியுமாகும்; அப்படித் தொடங்கினும், நண்பர் தொட்டியிலிருந்து வந்த ஒரு பாசிக் கொத்தோடு இந்த அத்தியாயத்திற்குரிய பிரஜைகள் ஒருநாள் வந்தே தீர்வர்.

புதிய ஜந்து ஒன்றைக் கண்டதும் பெரும்பாலோர் முதலிற் செய்வது அதைப் பிடுங்கி எறிவது. இரண்டாவதாகச் செய்வது அதன் பெயரைக் கேட்பது. இவ்வரிசை தவறு என்பதே என் உறுதியான அபிப்பிராயம். தொட்டியில் தானாகத் தோன்றுபவற்றுள் பெரும்பாலானவை எஞ்சிய இரையையும் மீன்களின் கழிவையும் பாசியையும் தின்று நமக்கு ஊழியம் செய்பவை. மேலும், இனத்தின் பெயரைத் துல்லியமாக நிர்ணயிப்பது நிபுணர்க்கே அரிது. அதற்குப் பல சமயங்களில் பிராணியை அறுத்து அதன் தாடையையோ மயிரையோ நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். தொட்டிக்காரருக்கு வேண்டுவது அவ்வளவன்று. இது எவ்வகுப்பைச் சேர்ந்தது, எதைத் தின்கிறது, இத்தொட்டிக்குள்ளேயே பெருகவல்லதா என்னும் இம்மூன்றும் தெரிந்துவிட்டால், விட்டுவைப்பதா நீக்குவதா என்பது தானே விளங்கும்.

அவசரத் தீர்ப்பு அறிஞரையும் வழிதவறச் செய்ததற்கு ஓர் அழகான சரித்திரம் உண்டு. 1883இல், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், பிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்சே என்னும் விலங்கியலார் தம் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடிச் சுவரில், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, தலையும் வாலும் இடமும் வலமும் இல்லாத, கணந்தோறும் ஓரங்கள் உருமாறிக்கொண்டு ஊரும் மெல்லிய தகடு போன்ற ஒரு ஜீவனைக் கண்டு, அதற்கு டிரைக்கோபிளாக்ஸ் என்று பெயரிட்டார். 1907இல் குரும்பாக் என்பவர், அது தனிப் பிராணியே அன்று, எலூதீரியா என்னும் ஊரும் சொறிமீனின் இளம்பருவமே என்று எழுத, உலகம் அதை ஒப்புக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் மறந்துபோயிற்று. பிற்பாடு கிரெல் என்னும் ஜெர்மானியர் அதை மீண்டும் வளர்த்து, பொறுமையாகப் பார்த்து, 1971இல் அதற்கெனவே பிளாக்கோஸோவா என்னும் தனித் தொகுதியை வகுத்தார். தொட்டிச் சுவரில் ஊர்ந்த ஓர் அழுக்குப்புள்ளி விலங்குலகத்தில் ஒரு பெரும்பிரிவாக நின்றது. இன்றும் அது வெப்பக்கடல் நீர் உள்ள தொட்டிகளில் கிடைக்கிறது. கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சில நாட்கள் தொட்டியில் தொங்கவிட்டு எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்போர் அதைக் காணக்கூடும்.

இனிப் பார்க்கும் முறை. பகலில் தெரிவது சிறு பகுதியே. விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தால், பகலில் வெறும் கல்லாக இருந்தது ஊராக மாறியிருக்கும். இவற்றுள் பலவற்றிற்குச் சிவப்பொளி உறைப்பதில்லையாதலால் ஓடி ஒளியா. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று, நீண்ட சொட்டுக்குழாய் ஒன்று, உள்ளே வெள்ளையும் கறுப்புமான இரண்டு பீங்கான் கிண்ணங்கள் ஆகிய இவை போதும். வெளிறிய ஜந்து கறுப்பிலும் கரியது வெள்ளையிலும் துலங்கும். புகைப்படம் எடுப்பதாயின், மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாக, அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும். அளவு தெரியாத படத்தைக்கொண்டு எந்த நிபுணரும் எதுவும் சொல்ல இயலாது. படத்தைவிட முக்கியமானது குறிப்பு: எங்கே இருந்தது, எந்நேரத்தில், தனியாகவா கூட்டமாகவா, ஒளிபட்டதும் என்ன செய்தது, நீந்திற்றா ஊர்ந்ததா வழுக்கிச் சென்றதா.

முதற்பரீட்சை, கணுக்கால்கள் உண்டா என்பது. உண்டாயின் அது இறால், நண்டு ஆகியவற்றின் சுற்றம். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, தத்தித் தத்திச் செல்பவை கோப்பிபாடுகள். பூதக்கண்ணாடியில், முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் ஒடுங்கிய உடலும், நடுநெற்றியில் ஒற்றைக் கண்ணும், பெண்ணாயின் வால்புறத்தில் முட்டைப் பையும் தெரியும். இவை பெருகுவது தொட்டியின் ஆரோக்கியத்திற்கு அறிகுறி. மாண்டரின் மீன் போன்ற சிறுவாய் மீன்களுக்கு இவையே ஜீவாதாரம். அரை அங்குல அளவுக்கு வளர்ந்து, வளைந்த முதுகோடு பாறையடியில் ஒருக்களித்து ஓடுபவை ஆம்பிபாடுகள். இவற்றின் உடல் பக்கவாட்டில் நசுங்கியது. மீசைக் கொம்பும் காம்பின்மேற் கண்ணும் உடையதாய், நீர்நடுவில் கூட்டமாக ஒரே இடத்தில் மிதந்து நிற்பது மைசிட். வால்விசிறியில் இரு வட்டப் புள்ளிகள் பளிச்சிட்டால் ஐயமே வேண்டா, அவை அதன் சமநிலை உறுப்புகள். இம்மூன்றும் நண்பர்களே.

ஐசோபாடு விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். இதன் உடல் மேலிருந்து கீழாகத் தட்டையானது. ஒரே மாதிரியான ஏழு இணைக் கால்கள் இருபுறமும் தெரியும். இக்குலத்தில் சாதுக்களும் உண்டு, கொடியோரும் உண்டு. தொட்டதும் உருண்டையாகச் சுருண்டுகொள்வது பாசி மேயும் சாது. மிக நீண்ட கால்களோடு கண்ணாடியில் நிதானமாக நடக்கும், ஓரிரு மில்லிமீட்டரே உள்ள மூனிட் வகையும் சாதுவே. ஆனால், தலையின் இரு ஓரங்களையும் நிறைத்த பெரிய கரிய கண்களும், வழவழத்து ஒடுங்கிய நீள் உடலும், பின்புறம் விசிறியாக விரிந்த வாலும் கொண்டு, இரவில் நீரில் நேர்க்கோட்டில் விரைந்து நீந்துவது சிரோலானா. இது மீனின் மேல் பாய்ந்து பற்றி, இரத்தமும் சதையும் தின்றுவிட்டு, மீண்டும் மணலுக்குள் போய்விடும். காலையில் மீன் உடலில் காரணம் தெரியாத சிவந்த புண்கள் காணப்பட்டால் இதைச் சந்தேகிக்கலாம். தாய் தன் குஞ்சுகளை வயிற்றடிப் பையில் சுமந்து, உருவம் முற்றியபின்னரே வெளிவிடுவதால், வடிகட்டியில் சிக்கி அழியும் மிதவைப் பருவம் இதற்கில்லை. எனவே ஒன்று வந்தால் வம்சம் தொட்டியிலேயே பெருகும். மீன்களை அகற்றிச் சில மாதங்கள் தொட்டியைப் பட்டினி போடுவதும், இரவில் இறால் துண்டை வைத்த பொறிகளால் பிடிப்பதும் தவிர வேறு உபாயம் அறியேன்.

கால்கள் கணுவுடையனவாக இல்லாமல், உடல் நீண்டு வளையம் வளையமாக இருப்பின் அது புழு. தொட்டிக்காரரை மிகுதியும் பதைக்கச் செய்வது பிரிசில் புழு எனப்படும் சுணைப்புழு: இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் நிறத்தில், வளையத்திற்கு இருபுறமும் வெண்சுணைக் குச்சம் கொண்டு, இரை விழுந்த இடத்தில் பாறையடியிலிருந்து நீண்டு வரும். இது பிணம் தின்னியே தவிரக் கொலைகாரன் அன்று. இறந்த மீனின் மேல் பத்துப் புழுக்களைக் கண்டு, அவைதாம் கொன்றன என்று தீர்ப்புச் சொல்வோர், இழவு வீட்டுக்கு வந்தவரைப் பிடித்துக் கொலைக் குற்றம் சாட்டுவோரை ஒப்பர். எனினும் வெறுங்கையால் தொடலாகாது. அதன் சுணைகள் சுண்ணாம்புச் சத்தேறி எளிதில் முறிபவை; தோலில் ஏறினால் நெருப்புப் பட்டாற் போல எரியும். ஒட்டுத்தாளை அழுத்தி ஒட்டிப் பிடுங்கினால் சுணைகள் வெளிவரும்; பின் வினிகர் விட்டுக் கழுவுக. வீக்கம் குறையாவிடில் வைத்தியரிடம் காட்டுக.

அஞ்ச வேண்டிய புழு வேறு. தலையில் ஐந்து உணர்கொம்புகளும், ஒளிபடுங்கால் வானவில்லாய் மினுங்கும் தோலும், மடித்து உள்ளே வைத்த வலிய தாடைகளும் உடையது யூனிஸ். இரவில் அது பாறைத் துளையிலிருந்து தலையை மாத்திரம் நீட்டும்; முழுவுடலையும் காண்பவர் அரியர். 2009இல், இங்கிலாந்தின் நியூக்கே நகரத்து மீன்காட்சிச்சாலையில், பவளங்கள் பாதி பாதியாய் வெட்டுண்டு கிடக்கவும் மீன் காயமுறவும் காரணம் விளங்காது, இறுதியில் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தபோது, நாலடி நீளமுள்ள யூனிஸ் ஒன்று வெளிப்பட்டது. கொம்புகளை எண்ணுவதே இங்கு முழுச்சோதனை. ஐந்து என்று எண்ணியானபின், புழுவை இழுத்து அறுக்காமல், அது குடியிருக்கும் பாறையையே எடுத்து அப்புறப்படுத்துக. தலைப்பகுதி உள்ளே எஞ்சினால் அறுந்த வால் மீண்டும் வளர்ந்துவிடும்.

ஏனைய புழுக்களைப் பற்றி விரித்தெழுதத் தேவையில்லை. பாறைத் துளையிலிருந்து வெண்ணிற நூல்கள் பல, ஒன்றோடொன்று பின்னாமல், மணல்மேல் நீண்டு சுருங்குவது ஒரு குழாய்ப் புழுவின் உணவு திரட்டும் கைகள். வடிகட்டியிலும் கண்ணாடியிலும் மில்லிமீட்டர் அளவில் வெள்ளைச் சுருள்களாக ஒட்டியிருப்பவை ஸ்பைரார்பிட் புழுக்களின் சுண்ணக்கூடுகள். நீர் அசையாதபோது உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு சுருளின் வாயிலும் சிறு விசிறி ஒன்று விரிந்திருக்கக் காணலாம். இரண்டும் குற்றமற்றவை.

நத்தைகளின் குணத்தை ஓட்டின் வாயே சொல்லும். வாய் வட்டமாக, விளிம்பு ஒரே சீராக இருந்தால் அது பெரும்பாலும் பாசி மேய்வது. வாயின் ஒரு முனையில் வெட்டோ நீண்ட வாய்க்காலோ இருந்து, அதன் வழியே மூக்குக்குழல் நீட்டி நீரை மோப்பம் பிடித்துச் செல்வதாயின், அது பெரும்பாலும் மாமிசபட்சிணி. பிற நத்தைகளுக்கும் சிப்பிகளுக்கும் எமன். இவ்விதிக்குப் புறம்பாக, செரித்தியம் என்னும் கூர்ங்கோபுர நத்தைக்கு வெட்டு இருந்தும் அது சாதுவாய் மணலைத் துழாவித் திரியும். அரிசி மணியளவில் வெளுத்த கோபுரமாக, இரவில் ராட்சதச் சிப்பியின் ஓட்டு விளிம்பிலோ டர்போ நத்தையின் முதுகிலோ கொத்தாக ஒட்டியிருப்பது பிரமிடெல்லிட். ஊசி போன்ற துதிக்கையைச் செலுத்தி உடற்சாரத்தை உறிஞ்சும். இதையும் செரித்தியத்தின் குஞ்சையும் வேறுபடுத்த உருவம் உதவாது, இடமே உதவும்: சிப்பியின் மேல் இரவில் கூடுவது முன்னது, கண்ணாடியில் பகலிலும் மேய்வது பின்னது. நத்தையா அட்டையா என்று மயங்கச் செய்யும்படி, உடல் பெரிதும் முதுகில் சிற்றோடு ஒன்றும் உடையது ஸ்டொமட்டெல்லா. பிடிக்கப் போனால் பாதத்தின் ஒரு துண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். அதை ஓடவிடுக, பாசி தின்பதில் அதற்கு நிகரில்லை.

ஒட்டியிருந்து அசையாதவற்றுள் அய்ப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தியே தொட்டியின் தலையாய பகை. பழுப்பு நிறம், ஒளி ஊடுருவும் தண்டு, கூர்ந்த நுனியுடைய நீண்ட உணர்கைகள், நிழல் பட்டதும் துளைக்குள் மின்னலென மறையும் வேகம் ஆகியவை அடையாளம். உணர்கை நுனி குமிழாகப் பருத்திருந்தால் அது மஜானோ என்னும் வேறொன்று. அய்ப்டேசியாவைக் கத்தியால் சுரண்டலாகாது. பாதத்தின் சிறு துணுக்கு ஒவ்வொன்றும் தனிச் சாமந்தியாய் முளைக்கும், ஒன்று ஒரு மாதத்தில் காடாகும். வாயிலோ தண்டிலோ சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் செலுத்துவது ஒரு வழி. பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல்நத்தையை விடுவது மற்றொரு வழி. அது அய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்ணாது, இரை தீர்ந்தால் பட்டினியால் இறக்குமாதலால் தீர்ந்தவுடன் இன்னொருவர் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

கண்ணாடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், கவைத்த கைகளோடு நடக்கும் நட்சத்திரம் ஒன்று தெரிந்தால், அது முன்னே சொன்ன எலூதீரியாவின் சுற்றமான ஊரும் சொறிமீன். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு கையும் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை நுனியில் கொட்டும் முடிச்சும், மறு கிளை நுனியில் ஒட்டும் திட்டும் இருப்பதைக் காணலாம். அளவுக்கு மிஞ்சிப் பெருகினால் பவளங்களை உறுத்தும். அதுவரை கவலை வேண்டா. மெய்யான நட்சத்திர மீன்களில், கைகள் ஒன்று நீண்டு ஒன்று குறுகி, எண்ணிக்கையும் ஒவ்வாமல் இருப்பது அஸ்டெரினா. உடலைப் பிளந்தே பெருகுவதால்தான் இந்தக் கோணல். பெரும்பாலும் படலம் மேயும். சில வகை மென்பவளங்களையும் தின்னும். ஒரே பவளத்தின்மேல் திரும்பத் திரும்ப அதைக் கண்டாலன்றித் தண்டியாதீர்.

துருநிறத்தில், வால்புறம் மூன்று மடல்களோடு, வெளிச்சமுள்ள இடத்தில் படிந்து வழுக்கிச் செல்லும் தட்டைப்புழுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிலவாயின் கேடில்லை. நூற்றுக்கணக்கில் பெருகியபின் மருந்திட்டுக் கொன்றால், ஒருங்கே இறக்கும் உடல்களின் விஷம் மீன்களையும் கொல்லும். ஆகவே முதலில் குழாயால் உறிஞ்சித் தொகையைக் குறைத்து, பின் மருந்திட்டு, உடனே கரித்தூள் வடிகட்டியும் நீர்மாற்றமும் செய்க.

இரவில் தொட்டியிலிருந்து ‘டக்’ என்று ஓசை வந்தால் கண்ணாடி வெடித்ததோ என்று கலங்க வேண்டா. ஒரு கை மாத்திரம் அளவிறந்து பருத்த துப்பாக்கி இறால் அதைச் செய்யலாம். கையை மூடும் வேகத்தில் நீரில் குமிழி உண்டாகி, அது சரிந்து நொறுங்குவதே ஓசை என்பதை 2000இல் வெளிவந்த ஆராய்ச்சி தெளிவாக்கிற்று. அது தங்கலாம். ஆனால் நத்தைகளின் ஓடுகள் நொறுங்கிக் கிடந்து, துளைவாயில் தனித்தனியே சுழலும் இரு காம்புக் கண்கள் தெரிந்தால் அது மாண்டிஸ் இறால். அதன் அடி வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை எட்டுவதாக மயில்வண்ண இனம் ஒன்றில் அளந்திருக்கிறார்கள், விரலை நீட்டாதீர். நண்டுகளில், கையின் நுனி கரண்டி வடிவாயின் பாசி சுரண்டுவது, கூர்ந்து கறுத்திருப்பின் வேட்டையாடுவது என்று கொள்ளலாம்; மயிரடர்ந்த கறுநுனி நண்டை நான் ஒருபோதும் தங்கவிடுவதில்லை. பொசில்லோபோரா பவளத்தின் கிளைகளுக்குள்ளேயே வாழும் வழுவழுப்பான டிரபீசியா நண்டு மட்டும் விலக்கு; அது தன் வீட்டைப் பகைவரிடமிருந்து காக்கும் காவலாளி.

கையாளுகையில் மூன்று விலக்குகள். கூம்பு வடிவ நத்தையைத் தொடாதீர். அதன் விஷக்கணையால் இறந்தோர் உளர். பவளத் தொட்டிப் பாறையைப் பூச்சி சாகட்டும் என்று வெந்நீரில் வேகவைக்காதீர்; பாறையில் பலிதோவா என்னும் பொத்தான் பவளம் இருப்பின், அதன் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டார் அனைவரையும் மருத்துவமனையில் சேர்த்ததுண்டு. கையில் காயம் இருக்கும்போது உறையின்றித் தொட்டிக்குள் கைவிடாதீர்.

இத்தனைக்கும் பிறகும் பிடிபடாதது ஒன்று எஞ்சுமாயின், அதைப் பரங்கிப்பேட்டையிலோ மண்டபத்திலோ உள்ள கடலுயிர் ஆராய்ச்சியாளரிடம் காட்டலாம். இறால் இனமாயின் எழுபது விழுக்காட்டுச் சாராயத்தில் நேரே இடலாம். புழுவையும் ஓடில்லா நத்தையையும் அவ்வாறு இட்டால் சுருங்கி உருக்குலையும். முதலில் மக்னீசியம் குளோரைடு கலந்த நீரில் தளரவிட்டு, தொட்டாலும் அசையாத நிலை வந்தபின் சாராயத்திற்கு மாற்றுக. சாராயத்தில் நிறம் நில்லாதாகையால், உயிருடன் இருக்கையிலேயே நிறத்தையும் அளவையும் எழுதிவிட வேண்டும். தேதி, தொட்டியில் இருந்த இடம், பாறையோ பவளமோ எவரிடமிருந்து எப்போது வந்தது என்பன அடங்கிய சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டியின் உள்ளேயே இடுக. மையெழுத்து சாராயத்தில் கரையும், வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்து போகும்.